மெனு திறக்கலையா? அடி ஃபார்மேட்! - நல்லா இருக்குய்யா உங்க வைத்தியம்

தலைவலின்னு ஒருத்தர் டாக்டர்கிட்ட போறார். டாக்டர் நாடி பார்க்கலை, எத்தனை நாளா வலிக்குதுன்னு கேட்கலை. "தலையை எடுத்துட்டுப் புதுசா ஒண்ணு வச்சிடலாம், இருபது நிமிஷம், ஐநூறு ரூபாய்" அப்படிங்கறார். அந்த ஆளை நாம என்ன செய்வோம்? கிளினிக்கையே அடிச்சு நொறுக்குவோம்ல? ஆனா கம்ப்யூட்டர் விஷயத்துல மட்டும் அதே ஆளுக்குக் காசு கொடுத்து, தேங்க்ஸும் சொல்லிட்டு வர்றோம்.

இந்தக் கடுப்பு எனக்கு 2023 செப்டம்பர்ல வந்தது. இன்னும் போகலை. அதான் கொட்டித் தீர்த்துடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

நான் பொட்டி தட்டிப் பிழைக்கறது புனேயில. கோத்ரூட் பக்கம் பழைய சொசைட்டி, மொத்தம் 24 வீடு. எனக்கு வீடு கொடுத்திருக்கறவரே சொசைட்டிக்குச் செயலாளர். ரிட்டயர் ஆனவர், வயசு எழுபதைத் தாண்டியாச்சு. நான் கூப்பிடறது காகா. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மராட்டி வராது. ரெண்டு பேரும் சேர்ந்து ஹிந்தியைக் கொலை பண்ணிக்கிட்டு ஏழெட்டு வருஷமா சமாதானமா வாழ்ந்துக்கிட்டிருக்கோம்.

காகாகிட்ட ஒரு பழைய லேப்டாப். விண்டோஸ் திறக்கறதுக்குள்ள அவர் டீயே போட்டுக் குடிச்சு முடிச்சிடுவார். நம்ம கை சும்மா இருக்குமா? பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்.எஸ்.டி போட்டு, லினக்ஸ் மின்ட் ஏத்திக் கொடுத்தேன். லேப்டாப் பறக்க ஆரம்பிச்சது. காகாவுக்கு சந்தோஷம் தாங்கலை. தண்ணி டேங்கர் செலவு, லிஃப்ட் ரிப்பேர், சிங்கிங் ஃபண்ட், பார்க்கிங் வசூல், கணபதிக்கு வாங்கின சந்தா எல்லாத்தையும் லிப்ரே ஆபீஸ் கால்க்ல வரி வரியா ஏத்தினார். நாலு வருஷக் கணக்கு. சொசைட்டி முழுக்க "மதராசி பையன் போட்டுக் கொடுத்தது"ன்னு நமக்கு விளம்பரம் வேற.

அந்த வருஷம் ஆவணியில ஊர்ல சித்தப்பா பொண்ணுக்குக் கல்யாணம். மண்டபத்துல நாதஸ்வரம் காதைப் பிளக்குது, காகாகிட்டேயிருந்து போன். "அரே பேட்டா, மெனு குல் நஹி ரஹா!" கீழே இடது மூலையில இருக்கற பட்டனை அமுக்கறாராம், ஒண்ணுமே வரலையாம். ரீஸ்டார்ட் பண்ணியும் அதே கதைதானாம். ஆடிட்டருக்குச் சனிக்கிழமைக்குள்ள கணக்கு அனுப்பணும்னார்.

நான் என்ன செஞ்சேன்? லினக்ஸ்காரன் புத்தி எங்கே போகும்? "காகா, கண்ட்ரோல் ஆல்ட் டி அமுக்குங்க, கறுப்பா ஒரு ஜன்னல் வரும், நான் சொல்றதை டைப் பண்ணுங்க"ன்னு ஆரம்பிச்சேன். சின்னமன், ஒரு இடைவெளி, ரெண்டு ஹைஃபன், ரீப்ளேஸ். அவர் "ஹைஃபன் எங்கே இருக்கு?"ன்னு கேட்கறார், இங்கே மேளச் சத்தத்துல எனக்குக் காதே கேட்கலை. மூணு தடவை கத்திப் பார்த்துட்டு, "விடுங்க காகா, திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன்"னு போனை வச்சிட்டேன். பந்தி ஆரம்பிச்சாச்சு, என்ன பண்றது?

திங்கட்கிழமை போய்ப் பார்த்தா லேப்டாப்ல விண்டோஸ் சிரிக்குது. காசு கொடுத்து வாங்கினதில்லை, நமக்குத் தெரியாதா. கடைக்காரர் இருபது நிமிஷத்துல "சரி பண்ணி" ஐநூறு ரூபாய் வாங்கிக்கிட்டாராம். "மெனு இப்ப நல்லா திறக்குது பேட்டா, ஆனா என் ஃபைலைத்தான் காணோம், நீ தேடிக் கொடு"ன்னு காகா வெள்ளந்தியாச் சொன்னப்போ எனக்கு வயித்தைப் பிசைஞ்சது.

பழைய ஹார்ட் டிஸ்க்கா இருந்திருந்தா மீட்பு மென்பொருள் எதையாவது போட்டுத் தோண்டிப் பார்த்திருக்கலாம். எஸ்.எஸ்.டியில ஃபார்மேட் பண்ணும்போது டிரிம்னு ஒரு கட்டளை போகும். இந்த இடமெல்லாம் இனிமே வேண்டாம்னு டிரைவ்கிட்டயே சொல்லிடும், டிரைவும் துடைச்சு வச்சிடும். அதுக்கப்புறம் தோண்டினா வெறும் சுழியம்தான். அந்த எஸ்.எஸ்.டியைப் போட்டது யாரு? ஐயாதான்.

"பேக்கப் எடுக்கலையாடா வெண்ணெய்?"னு கேட்பீங்க. எடுத்தேன் சாமி. டைம்ஷிஃப்ட் போட்டு வச்சிருந்தேன். சிஸ்டம் கோப்புகளைக் காப்பாத்தறதுதான் டைம்ஷிஃப்ட்டோட வேலை. நாமளா போய் மாத்தினாலொழிய ஹோம் ஃபோல்டரை அது தொடாது. தவிர, நான் அதை வச்சதும் அதே டிஸ்க்லதான். பூட்டுக்குள்ளேயே சாவியை வச்சுப் பூட்டின கதை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த மெனுவுக்கு என்னதான் ஆச்சு?

ஃபார்மேட்ல இருக்கற முதல் அயோக்கியத்தனமே இதுதான் மக்களே. நோயோட சேர்த்து நோய்க்கான காரணத்தையும் அழிச்சிடும். என்ன உடைஞ்சது, ஏன் உடைஞ்சதுன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும். தெரியாததால அடுத்த தடவையும் ஃபார்மேட். கடைக்காரருக்கு வருஷம் பூரா வருமானம்.

எனக்குக் காரணம் கிடைச்சது அதிர்ஷ்டத்தால. அதே வாரம் என் லேப்டாப்பையும் மின்ட் 21.2க்கு ஏத்தினேன். 2023 ஜூலையில வந்த பதிப்பு அது, கூடவே சின்னமன் 5.8. ரீஸ்டார்ட் பண்ணினா நம்ம மெனுவும் அவுட்! அமுக்கறேன், அசையலை. அப்பதான் உறைச்சது. காகாகிட்ட கேட்டேன். ஆமாம், நான் சொல்லிக் கொடுத்தபடியே அப்டேட் மேனேஜர்ல போய் அவரும் புதுப் பதிப்புக்கு மாறியிருக்கார். நல்ல மாணவர்.

சின்னமன்ல மெனுங்கறது தனி மென்பொருள் கிடையாது. சின்னமன்னு ஒரே ஒரு புரொசஸ் ஓடுது. அதுக்குள்ள பேனல், கடிகாரம், மெனு எல்லாம் ஆப்லெட்னு சொல்ற குட்டிக் குட்டி ஜாவாஸ்கிரிப்ட் துண்டுகள். மின்ட்டோட வர்ற சொந்த மெனு ஒரு ஆப்லெட். அது போதாதுன்னு, பெரிய பெரிய ஐகான் இருந்தா வயசானவருக்கு வசதியா இருக்கும்னு வெளியாள் எழுதின வேற மெனு ஆப்லெட்டை நான் இறக்கிப் போட்டிருந்தேன், அவர் லேப்டாப்லயும் என் லேப்டாப்லயும். சின்னமன் பதிப்பு மாறினதும் அந்தப் பழைய ஆப்லெட் முழிச்சிருக்கு. ஆல்ட்டும் எஃப்2வும் சேர்த்து அமுக்கி எல், ஜின்னு ரெண்டு எழுத்து அடிச்சா சின்னமனோட உள்விவகாரமெல்லாம் ஒரு ஜன்னல்ல வரும். அங்கே லாக்ல போய்ப் பார்த்தா சிவப்பு எழுத்துல அந்த ஆப்லெட் பேரு. பேனல்ல வலது கிளிக், ஆப்லெட்ஸ், அந்தச் சனியனை நீக்கு, மின்ட்டோட சொந்த மெனுவைச் சேர். முடிஞ்சது. கண்டுபிடிச்சு சரி பண்ண எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம்.

மண்டபத்துல நின்னு கத்திக் கத்திச் சொன்னேனே ஒரு கட்டளை, அது ஓடியிருந்தாலும் இந்த மெனு வந்திருக்காது! உடைஞ்ச ஆப்லெட்டே திரும்பவும் ஏறியிருக்கும்.

இன்னொண்ணு சொல்றேன், கேட்டுட்டு என்னைச் செருப்பால அடிங்க. மெனு செத்தாலும் டெஸ்க்டாப் சாகலை. மின்ட்ல டெஸ்க்டாப்லேயே ஹோம்னு ஒரு ஐகான் இருக்கும். அதை டபுள் கிளிக் பண்ணி, டாக்குமென்ட்ஸ் உள்ள போய், ஃபைலை டபுள் கிளிக் பண்ணினா கணக்கு திறந்திருக்கும். அந்த நாலு வருஷக் கணக்கு அவர் கண்ணு முன்னாடிதான் இருந்தது. காகாவுக்கு அது தெரியாது. மெனு வழியா லிப்ரே ஆபீஸ் திறந்து, அதுக்குள்ளேயிருந்து ஃபைலைத் திறக்கற அந்த ஒரு வழியைத்தான் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரே கதவு வச்ச வீட்டைக் கட்டிக் கொடுத்துட்டு ஊருக்குக் கல்யாணச் சாப்பாடு சாப்பிடப் போயிட்டேன்.

அதனால முதல் குத்து லினக்ஸ் பக்தர்களுக்கு, என்னையும் சேர்த்துத்தான். "மெனு எதுக்கு, டெர்மினல் இருக்கே"ங்கற பேச்சை இத்தோட நிறுத்துங்கப்பா. 2011 ஏப்ரல்ல க்னோம் 3 வந்தப்போ பழைய மெனுவைத் தூக்கிட்டாங்க. எவ்வளவு கலாட்டா? பழைய க்னோமைக் காப்பாத்தணும்னே ஒரு டெஸ்க்டாப் தனியாக் கிளம்புச்சு. மின்ட்காரங்க சின்னமனை ஆரம்பிச்சதுக்கும் அந்தக் கோபம்தான் காரணம். பேனல் வேணும், மூலையில மெனு வேணும்னு ஜனங்க கேட்டதுக்காகவே பிறந்த டெஸ்க்டாப்ல உட்கார்ந்துக்கிட்டு, எழுபது வயசுக்காரர்கிட்ட "மெனு எதுக்கு"ன்னு கேட்கறது என்ன நியாயம்? அவருக்கு மெனுதான் கம்ப்யூட்டர். அது திறக்கலைன்னா எல்லாம் போச்சுன்னுதான் அவர் நினைப்பார். நினைச்சார்.

ரெண்டாவது குத்து ஃபார்மேட் கோஷ்டிக்கு. கடைக்காரரை மட்டும் சொல்லலை. ஆபீஸ்ல நாம டிக்கெட் போட்டா "ரீஇமேஜ் பண்ணிடறோம் சார்"னு லேப்டாப்பைப் பிடுங்கிக்கிட்டுப் போறாங்களே, அவங்களுக்கும் இதே குணம்தான்.

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஐநூறு ரூபாய்க்கு எவ்வளவு நேரம் மெனக்கெட முடியும்? லினக்ஸ் அவருக்குப் பழக்கமும் இல்லை. சரி, ஒத்துக்கறேன். ஆனா ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாமில்ல? "இதுல உங்களுக்கு வேணும்கறது ஏதாவது இருக்கா காகா?" ஒரு பென் டிரைவ்ல மின்ட்டையோ உபுண்டுவையோ போட்டு அதுலேர்ந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினா, உள்ள இருக்கற டிஸ்க்கைத் திறந்து ஹோம் ஃபோல்டரை அப்படியே வெளியே காப்பி பண்ணலாம். அரை மணி நேரம் கூடுதலா ஆகும். அதுக்குத் தனியா முன்னூறு ரூபாய் கேட்டா காகா கொடுத்திருப்பார். கேட்கவே இல்லைங்கறதுதான் என் ஆத்திரம். அடுத்தவங்க வீட்டை இடிக்கறதுக்கு முன்னாடி உள்ளே ஆள் இருக்கான்னு பார்க்க மாட்டோமா?

"அப்ப விண்டோஸே விட்டு வச்சிருக்கலாமே"ன்னு சில பேர் கொடி பிடிப்பாங்கன்னு தெரியும். விண்டோஸ்ல ஸ்டார்ட் மெனு உறைஞ்சு போய் நீங்க பார்த்ததே இல்லையா? டாஸ்க் மேனேஜர்ல போய் எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் பண்ணினா பல சமயம் சரியாப் போயிடும். அதையும் யாரும் சொல்லித் தர்றதில்லை, அங்கேயும் அதே கடைக்காரர், அதே ஃபார்மேட். இது எந்தக் கட்சி ஜெயிக்குதுங்கற சண்டை இல்லை.

சரி, திட்டி முடிச்சாச்சு. உங்க வீட்லயோ, நீங்க ஏத்திக் கொடுத்தவங்க வீட்லயோ லினக்ஸ் மெனு வேலைநிறுத்தம் பண்ணினா என்ன செய்யணும்? நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட வரிசை இது.

முதல்ல, செத்தது மெனு மட்டுமா, எல்லாமேவான்னு பாருங்க. ஜன்னல்கள் நகருதா, ஹோம் ஐகான் திறக்குதா? திறந்தா அடுத்த வேலை ரிப்பேர் இல்லை. முக்கியமானதைப் பென் டிரைவ்ல எடுத்து வைக்கறதுதான்.

அடுத்து, சின்னமன்ல கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க. டெஸ்க்டாப் மட்டும் ஒரு தடவை கண்ணை மூடித் திறக்கும், திறந்து வச்ச ஜன்னலெல்லாம் அப்படியே இருக்கும். எக்ஸ்11ல ஓடும்போதுதான் இது. எக்ஸ்.எஃப்.சி.ஈயா இருந்தா பேனலை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணலாம், கே.டி.ஈயில பிளாஸ்மா ஷெல்லை மட்டும். வேலாண்ட்ல ஓடற க்னோமா இருந்தா ஷெல்லைத் தனியா ரீஸ்டார்ட் பண்ண முடியாது, லாக் அவுட் பண்ணிட்டு வரணும்.

மூணாவது, டிஸ்க்ல இடம் இருக்கான்னு பாருங்க. நூறு சதவீதம் நிரம்பிப் போச்சுன்னா அமைப்புக் கோப்பை எழுதக்கூட இடமில்லாம டெஸ்க்டாப் கோணங்கித்தனம் எல்லாம் பண்ணும். சில சமயம் பாஸ்வேர்டைச் சரியாப் போட்டாலும் லாகின் திரைக்கே திருப்பி அனுப்பும். பழைய டைம்ஷிஃப்ட் பிரதிகளே இடத்தை முழுங்கியிருக்கலாம்.

நாலாவது, என் கட்சியில இதுதான் பிரம்மாஸ்திரம். புதுசா ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதுல நுழைஞ்சு பாருங்க. அங்கே மெனு ஒழுங்காத் திறக்குதா? அப்ப சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு. கோளாறு உங்க ஹோம் ஃபோல்டர்ல இருக்கற ஏதோ ஒரு அமைப்புக் கோப்புலயோ, நீங்க இறக்கின ஆப்லெட்லயோதான். மொத்த சிஸ்டத்தையும் திரும்ப ஏத்தினாலும், அதே ஹோமை வச்சுக்கிட்டா வியாதி கூடவே வரும். இந்த ஒரு சோதனை பாதிச் சந்தேகத்தை வெட்டி எறிஞ்சிடும்.

அஞ்சாவது, கடைசியா வெளியேயிருந்து என்ன சேர்த்தோம்னு யோசிச்சு, அதை ஒவ்வொண்ணா நீக்குங்க. எந்த ஃபோல்டர் மேல சந்தேகம் வந்தாலும் அழிக்காதீங்க, பேரை மாத்தி வையுங்க. அழிச்சது திரும்பாது. பேரு மாத்தினதைத் திரும்ப மாத்திக்கலாம்.

இத்தனையும் தாண்டி ஒண்ணும் நடக்கலைன்னா, ஃபைலெல்லாம் வெளியே வந்தாச்சுன்னு ரெண்டு தடவை பார்த்துட்டு, அப்புறம் தாராளமா ஃபார்மேட் அடிங்க. யார் வேண்டாம்னது?

காகா கதை என்னாச்சுன்னு சொல்லலையே.

மகாராஷ்டிராவுல சொசைட்டிகளோட வருடாந்திரப் பொதுக்கூட்டத்தை செப்டம்பர் 30க்குள்ள நடத்தியாகணும். எங்களுக்குக் கிடைச்சது மூணு ஞாயிறு. முந்தைய வருஷங்களோட அறிக்கை ஆடிட்டருக்குப் போன மெயில்ல இருந்தது, தப்பிச்சோம். நடப்புக் கணக்கை ரசீதுப் புத்தகத்தோட அடிக்கட்டை, பாஸ் புக், வவுச்சர் கட்டு எல்லாத்தையும் தரையில பரப்பி வச்சு, காகா படிக்க நான் ஏத்தினேன். ரொக்கமாக் கொடுத்த சில டேங்கர் செலவுக்கு மட்டும் சீட்டே இல்லை. 3,850 ரூபாய் இடிச்சது. காகா ஒண்ணும் பேசாம உள்ளே போய்த் தன் பணத்தை எடுத்துட்டு வந்து பெட்டியில போட்டார். நான் தர்றேன்னதுக்கு வாங்க மாட்டேன்னுட்டார்.

கூட்டத்துல வாடகைக்கு இருக்கறவனுக்கு இடம் கிடையாது. நான் மாடிப்படியில உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது: "ஆடிட் வர்ற நேரம் பார்த்து கணக்கு அழிஞ்சு போச்சா? ரொம்ப வசதியாப் போச்சே." பதினோரு வருஷம் சம்பளமில்லாம செயலாளரா இருந்த மனுஷன். சொசைட்டிக் காசுல ஒரு டீ குடிச்சதில்லை. அவர் பதில் சொன்ன மாதிரி எனக்குக் கேட்கலை. கூட்டம் முடிஞ்சு வெளியே வந்தவர், "அடுத்த வருஷம் வேற யாராவது பார்த்துக்கட்டும் பேட்டா"ன்னு சொல்லிட்டுப் படியேறிப் போயிட்டார். அதே மாதிரி விலகியும் விட்டார்.

ஒரு மெனு திறக்கலை. அவ்வளவுதான் நடந்தது.

அவர் லேப்டாப்ல இப்ப திரும்பவும் மின்ட்தான் ஓடுது. அவரே கேட்டார், நான் கட்டாயப்படுத்தலை. மின்ட்டோட சொந்த மெனுவைத் தவிர வெளியாள் சரக்கு எதுவும் கிடையாது. ஞாயித்துக்கிழமை ஆனா பென் டிரைவ்ல காப்பி. லேப்டாப் மூடியில ஒரு காகிதம் ஒட்டியிருக்கேன், ஹிந்தியில, கொட்டை எழுத்துல நாலு வரி. மெனு திறக்கலைன்னா ஹோம் ஐகானைத் தட்டவும். அப்புறம் இந்த மூணு விசையை அமுக்கவும். அப்பவும் வரலைன்னா இந்த நம்பருக்குப் போன் பண்ணவும். நாலாவது வரி கடைக்காரருக்கு: ஹோம் ஃபோல்டரைக் காப்பி எடுக்காம கை வைக்காதீங்க.

யாருக்காவது லினக்ஸ் ஏத்திக் கொடுத்துட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கற மகாஜனங்களே, அந்தக் காகிதத்தை ஒட்டிட்டுப் போங்க. பந்தி நடுவுல போன் வந்தாலும் எழுந்து போய்ப் பேசுங்க. சாம்பார் ஆறினா சூடு பண்ணிக்கலாம்.